கிட்டாரைத் தானாகக் கற்க: எந்தப் பாடத்தை நம்பலாம், எதை மூடிவிடலாம்

கிட்டார் கற்கப் பாடம் கிடைக்கவில்லை என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. சிக்கலே அதுதான். திங்கட்கிழமை ஒருவர் ஈ மைனரில் தொடங்குவார். புதன்கிழமை இன்னொருவர் ‘முதல் நாளே முழுப் பாட்டு’ என்று புதியவருக்குக் கடினமான எஃப் கார்டைப் பிடிக்கச் சொல்வார் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிதான் கார்டு). மாதக் கடைசியில் பார்த்தால் பத்துப் பாட்டின் பல்லவி அரைகுறையாக வரும், ஒரு பாட்டும் சரணம்வரை போகாது. அதனால் முதுகெலும்பாக ஒரே ஒரு பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற வீடியோ, ஆப், புத்தகம் எல்லாம் அந்தப் பாடத்தில் ஏதாவது புரியாதபோது மட்டும்.

பாடம் தேடுவதற்கு முன்னால், கையில் இருக்கும் கிட்டாரைப் பார்த்துவிடுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாம் கம்பிக்கும் ஃப்ரெட் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளக்கலாம். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மூன்றைத் தாண்டிவிட்டால் விரல் வலிதான் மிஞ்சும், எந்த வீடியோவும் உதவாது. சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பி இந்த இடைவெளி தானாகவே ஏறும். கடையில் ‘செட்டப் பண்ணணும்’ என்று சொன்னால் போதும், இறக்கித் தருவார்கள். கம்பி மாற்றும்போது 0.010 அங்குலத்தில் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட் கேளுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம், உப்புக்காற்றில் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

முதுகெலும்புப் பாடத்தைத் தேர்வது

ஒரு தொடரைப் பத்து நிமிடம் பார்த்தாலே அது தேறுமா என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு பாடங்களுக்குள் ட்யூனிங் வருகிறதா? தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சொல்லித் தராமல் கார்டுக்குத் தாவினால் மூடிவிடலாம். இரண்டு கையும் திரையில் தெரிகிறதா? ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டுவிரல் 4 என்று எண் சொல்லிப் பிடிக்கச் சொல்கிறாரா? எல்லாவற்றையும்விட, தவறு எங்கே வரும் என்று சொல்கிறாரா? சி கார்டில் முதல் கம்பி ஒலிக்காமல் ‘டப்’ என்று அடித்தால், பெரும்பாலும் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அதன்மேல் சாய்ந்திருக்கும். ஒலி கரகரத்தால், விரல் ஃப்ரெட் கம்பியை ஒட்டி இல்லாமல் பின்னால் நிற்கிறது. பாடம் நடத்தித் தேர்ந்தவர் இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார். வெறுமனே நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கு இது தோன்றாது.

இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறுவது ஜஸ்டின் சாண்டர்கோவின் ஜஸ்டின் கிட்டார் இணையதளம். பாடங்கள் அங்கே இலவசம். படிப்படியாகப் பிரித்திருக்கிறார். டி, ஏ, ஈ போன்ற திறந்த கார்டுகளில் (சில கம்பிகளை அழுத்தாமல் மீட்டுபவை) தொடங்கி, எஃப் கார்டைப் பின்னால் தள்ளியிருக்கிறார். எளிய ஆங்கிலம்தான், வேகமாகத் தோன்றினால் யூடியூபில் 0.75 வேகத்தில் வைத்துக் கேட்கலாம், சுருதி மாறாது. தமிழ்ச் சேனல்களில் தனிப்பாட்டுகளுக்கு அருமையான பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் பாட்டுக்குப் பாட்டு நிற்பவை. முதல் ஆறு மாதத்துக்கு அவற்றைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜஸ்டினின் பயிற்சிகளில் எந்தப் பாடத்தோடும் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. போனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். இரண்டு கார்டுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டு ஒன்றைத் தொடலாம், அறுபது வந்தால் அந்த ஜோடி தேறிவிட்டது. தினம் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் விரல்நுனி புண்ணாகும், காய்க்காது.

தேர்வு எழுதும் எண்ணமே இல்லாவிட்டாலும் டிரினிட்டி கல்லூரி லண்டனின் கிட்டார் சிலபஸை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம். இனிஷியல் தொடங்கி எட்டாம் கிரேடு வரை எந்தக் கட்டத்தில் எந்த ஸ்கேல் (சுர வரிசை) வர வேண்டும் என்று அதில் இருக்கும். நீங்கள் பின்பற்றும் பாடம் எதை விட்டுவிட்டது என்று அதோடு ஒப்பிட்டால் தெரியும். நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஐஎம்எஸ்எல்பி தளம் ஒரு சுரங்கம். காப்புரிமை முடிந்த நோட்டேஷன்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். இத்தாலியக் கிட்டார் இசையமைப்பாளர் மௌரோ ஜூலியானியின் ஓபஸ் 1-இல் வலதுகைக்கு மட்டும் 120 பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாமே இரண்டே கார்டின் மேல் நடப்பவை, இடதுகைக்குத் தொல்லை இல்லை.

சினிமாப் பாட்டுக்கு கார்டு தேடும்போது

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். கார்டுத் தளங்களில் தமிழ்ப் பாட்டுகளைப் போடுவது யாரோ ஒரு ரசிகர், அல்லது ஒரு மென்பொருள். இரண்டுமே தவறும்.

முதலில் கார்டுப் பட்டியலைப் பாருங்கள். டி ஷார்ப், ஏ ஷார்ப், சி மைனர், ஜி மைனர் என்று இருந்தால் புதியவர் மிரண்டு மூடிவிடுவார். தேவையில்லை. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் அதே நான்கும் சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் ஆகிவிடும். கேப்போ ஒரு ஃப்ரெட் மேலே போகப் போக, பிடிக்கும் கார்டு அரைச்சுரம் கீழே இறங்கும். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்து, பட்டியலில் உள்ளவை ஒரே குடும்பமா என்று பாருங்கள். ஜி ஸ்கேலில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர் வரும். நடுவில் சம்பந்தமே இல்லாமல் எஃப் ஷார்ப் மேஜர் தலைகாட்டினால் சந்தேகப்படுங்கள். நம் இசையமைப்பாளர்கள் வேண்டுமென்றே வெளிக்கார்டு போடுவதும் உண்டு, ஆகவே உடனே அடித்துவிடாமல் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று ஆறாம் கம்பியில் தேடினால் பாதி விடை கிடைத்துவிடும்.

கீரவாணி ராகத்தில் அமைந்த பாட்டுகளில் ஒரு தவறு அடிக்கடி தென்படும். ஏ-யை சட்ஜமாக வைத்தால் கீரவாணியின் நிஷாதம் ஜி ஷார்ப். ஆக ஐந்தாவது கார்டு ஈ மேஜர். அவசரத்தில் ஏற்றியவர் ஈ மைனர் என்று எழுதியிருப்பார். வாசித்தால் பாட்டின் ஏக்கமே போய் சப்பென்று இருக்கும். அங்கே மேஜருக்கு மாற்றிப் பாருங்கள். நடபைரவி ராகமாக இருந்தால் ஈ மைனரே சரி.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டோடு சேரவில்லையா? பழைய பாட்டுகள் ஒலிநாடாவிலிருந்து ஏறும்போது வேகம் மாறி, இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்கும். காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கச் சிலர் சுருதியை மாற்றியும் ஏற்றுகிறார்கள். வேறொரு பதிவோடு ஒப்பிடுங்கள். அதுவும் இதே உயரத்தில் இருந்தால் ட்யூனரை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டுக்கே ட்யூன் செய்துகொள்ளுங்கள். மற்ற நேரங்களில் ட்யூனர் ஆப் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, கை தவறி அதை மாற்றியவர்கள் பலர்.

டேப் (tab) என்பது ஆறு கம்பிக்கு ஆறு கோடு போட்டு, எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் குறிப்பு. அதைப் படிக்கும்போது மேல் கோடு மெல்லிய கம்பி, கீழ்க்கோடு தடித்த கம்பி. மடியில் வைத்துப் பார்ப்பதற்குத் தலைகீழ். எழுத்தில் தட்டிய சாதாரண டேப்பில் பெரும்பாலும் தாளம் இருக்காது. பாட்டைக் கேட்காமல் அதை வாசிக்க முடியாது. சாங்ஸ்டெர் தளத்தில் டேப் ஒலியோடு ஓடும், அதனால் இந்தத் தொல்லை குறைவு. வேகமான ஒரு பிட்டைப் பிடிக்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சுருதி மாறாமல் டெம்போவை மட்டும் குறைக்கலாம்.

சரளி வரிசை தெரிந்தவர்களுக்கு

மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போகாதவர்கள் குறைவு. அந்த முதலீட்டைக் கிட்டாரில் எடுக்கலாம். ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் சி, அதாவது ஒரு கட்டை. அதை ஸ என்று வையுங்கள். அதே கம்பி நான்காம் ஃப்ரெட் ரி. நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட் க, மூன்றாம் ஃப்ரெட் ம. மூன்றாம் கம்பியைச் சும்மா மீட்டினால் ப, முதல் ஃப்ரெட் த. இரண்டாம் கம்பியைச் சும்மா மீட்டினால் நி, முதல் ஃப்ரெட் மேல் ஸ. மாயாமாளவகௌளை வந்துவிட்டது, சரளி வரிசையை மூன்று காலத்திலும் மெட்ரோனோமோடு (சீராகத் தாளம் தட்டும் கருவி) வாசிக்கலாம். வெளிநாட்டுப் பாடங்களில் வரும் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம், மேஜர் பென்டடானிக் மோகனம், மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசி. பாடுபவர் ‘நாலரைக் கட்டை’ என்றால் எஃப் ஷார்ப். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஈ கார்டின் பிடியைப் பிடித்தால் போதும்.

ஊருக்குள் கிடைப்பவை

புத்தகம் வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள். எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் பட்டியலில் முதலில் தேடுங்கள். நூல்களை எண்ணால் பிரிக்கும் டியூயி முறைப்படி அடுக்கிய எந்த நூலகத்திலும் கிட்டாருக்கு எண் 787.87. அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் கருவியோடு பாடப் புத்தகங்களும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும் புத்தகத்துக்கு ஆடியோ இணைப்பு இருக்கிறதா, அதைத் திறக்கும் ரகசிய எண் முன்பே சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் மறந்துவிடும் ஒரு வளம் சர்ச் கொயர். அங்கே வாசிக்கும் அண்ணன்கள் மூன்று நான்கு கார்டில் முழுப் பாட்டை, பாடகர் திடீரென்று சுருதி மாற்றினாலும் விடாமல், கொண்டுபோவார்கள். ஆராதனை முடிந்தபின் போய்க் கேட்டால் கை எப்படிப் போகிறது என்று காட்டத் தயங்க மாட்டார்கள்.

வீடியோவால் முடியாதது ஒன்றே ஒன்று: உங்கள் கையைப் பார்ப்பது. இரண்டாவது மாதத்தில் ஒரே ஒரு கட்டண வகுப்பு எடுங்கள். ‘பாட்டு வேண்டாம் சார், கையை மட்டும் பாருங்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். இடது மணிக்கட்டு மடங்குகிறதா, கட்டைவிரல் கழுத்தை நெரிக்கிறதா, வலதுகை முழங்கையிலிருந்து ஆடுகிறதா, தோள் தூக்கி நிற்கிறதா என்று நான்கும் கேளுங்கள். அவர் திருத்துவதை போனில் பதிவு செய்ய அனுமதி வாங்குங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு மற்ற எந்தப் பாடத்தையும்விட அந்த வீடியோவைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.