வரைபடத்தில் இல்லாத குமிழ்: பழுதுபார்க்க முடியாத செயற்கைக்கோள் எப்படி உருவாகிறது?

1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்திலிருந்து வெளியே மிதந்து போனார் ஜார்ஜ் நெல்சன். எதிரே, பழுதாகி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது சூரியனை ஆராயும் செயற்கைக்கோளான சோலார் மேக்ஸ். அதில் நீட்டிக்கொண்டிருந்த முளையைக் கையிலிருந்த கருவியால் கவ்வ வேண்டும், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப முட்டியும் கவ்வி பூட்டவில்லை. வெப்பக் காப்புப் போர்வையைப் பிடித்திருந்த ஒரு சின்னக் குமிழ் இடித்தது. வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான்: கட்டும்போது செய்த சில்லறை மாற்றங்களை வரைபடத்தில் ஏற்றாமல் விடுவது. பழுதுபார்க்கப் போகிறவர் வரைபடத்தை நம்பித்தான் கருவி செய்கிறார். மூடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பதில் என்ன செலவு?

பிறகு இயந்திரக் கையால் சோலார் மேக்ஸைப் பிடித்தார்கள். திசைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாகக் கழற்றும்படி அமைந்திருந்ததால் மாற்றுவது சுலபமாக முடிந்தது.

ஆனால் பெட்டி கழன்றால் போதும், உள்ளே யார் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைப்பதும் தவறு. 2009இல் ஹபிள் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியைச் சரிசெய்ய ஒரு மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. அதில் 111 குட்டி ஸ்குரூக்கள்! தடித்த கையுறையோடு கழற்றினால் ஒவ்வொன்றும் மிதந்து ஓடும். அவற்றைச் சிறைபிடிக்கவே தனித் தகடு செய்து எடுத்துப் போனார்கள். அதற்கும் முன்பே வழியில் இருந்த கைப்பிடியின் ஒரு போல்ட் தலை தேய்ந்து சுற்ற, விண்வெளி வீரர் மைக் மாசிமினோ கைப்பிடியையே பிடுங்கி எடுத்தார். கழன்றாலும் உதிராத ஸ்குரூ, பெரிய தலை, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஆரம்பத்திலேயே யோசித்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

அப்புறம் எரிபொருள். தரையில் நிரப்பி, வால்வை மூடி, கம்பி கட்டி, மேலே போர்வையும் போர்த்திவிடுகிறோம். இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்ற நினைப்பு. பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளுக்கு அப்படியே எரிபொருள் நிரப்பிக் காட்டத் திட்டமிட்ட நாசா, 2024இல் அதைக் கைவிட்டது. முன்னேற்பாடு இல்லாத செயற்கைக்கோள்களுக்கு எரிபொருள் நிரப்புவதிலிருந்து துறையே விலகிப்போனதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

2020இல் எம்.இ.வி.-1 என்ற சேவை விண்கலம், இன்டெல்சாட் 901 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் எஞ்சின் முனையைப் பிடித்து ஒட்டிக்கொண்டதே என்பார்கள். சரி, ஆனால் அது எதையும் திறக்கவில்லை. முதுகில் தொற்றிக்கொண்டு ஓட்டியது, அவ்வளவே.