பைக்ல போல்ட் கழலலையா? கழட்டுறதுக்கு முன்னாடி இந்த தவறுகளை தவிர்த்துடுங்க

துரு புடிச்ச போல்ட் தானா கெட்டுப்போறது ரொம்ப கம்மி, கழட்டப் போற நாமதான் முதல் ரெண்டு நிமிஷ அவசரத்துல அதோட தலைய உருட்டி விட்டுடுறோம். தலை முழுசா இருக்கிற வரைக்கும் எண்ணெய் விடலாம், சூடு காட்டலாம், தட்டி பாக்கலாம், வழி நிறைய இருக்கு. தலை போயிடுச்சுன்னா டிரில், வெல்டிங், லேத்துன்னு வேலை எங்கயோ போயிடும். அதனால ஸ்பேனர் லேசா வழுக்குன உடனே கைய எடுத்துடுங்க, இன்னும் ஒரே ஒரு தடவ அழுத்தி பாத்துடலாம்னு தோணும் பாருங்க, பாதி போல்ட் அந்த ஒரு தடவையிலதான் போகுது.

முதல்ல ஸ்டார் ஸ்க்ரூ. ஜப்பான் டிசைன் பைக்குங்கள்ல கார்புரேட்டரோட அடி கிண்ணம், பிரேக் ஆயில் டப்பா மூடி, பழைய மாடல்னா என்ஜின் சைடு கவர் வரைக்கும் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ பெரும்பாலும் ஜேஐஎஸ்னு ஒரு தனி வகை. பாக்க சாதாரண பிலிப்ஸ் மாதிரியேதான் இருக்கும், ஆனா பிலிப்ஸ் முனை அதுல அடி வரைக்கும் போய் உக்காராது, பலமா திருப்புனா மேல ஏறி வந்து பள்ளத்த சீவி எடுத்துடும். நிறைய ஸ்க்ரூல தலையோட ஓரத்துல ஒரு சின்ன புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். ஜேஐஎஸ் டிரைவர் ஒண்ணு தனியா வாங்கி வெச்சுக்கோங்க, இந்த வேலைல முதல்ல காசு போட வேண்டிய டூல் அதுதான்னு நான் சொல்லுவேன்.

பிரேக் ஆயில் டப்பா மூடிய கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. தட்டையா உள்ள அமுங்கின சின்ன ஸ்டீல் ஸ்க்ரூ, கீழ அலுமினியம் பாடி, மேல மழைத்தண்ணி தேங்கி நிக்கிற குழி. ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல ஈரம் எறங்கி வெள்ளையா பொடி பூத்து மரைய அப்படியே கவ்வி புடிச்சுக்கும். இங்க நேரா திருப்ப ஆரம்பிக்கிறதுதான் தவறு. பள்ளத்துல இருக்கிற மண்ண ஊசியால நோண்டி எடுத்துட்டு, டிரைவர செங்குத்தா நிறுத்தி, சின்ன சுத்தியலால கதவு தட்டுற அளவுக்கு நாலஞ்சு தட்டு தட்டுங்க, அந்த அதிர்ச்சியில துருவோட பிடி விடும், முனையும் நல்லா உள்ள உக்காரும். டிரைவர் முனையில வால்வு லேப்பிங் பேஸ்ட் (என்ஜின் வால்வ தேய்ச்சு உக்கார வைக்கிற சொரசொரப்பான பசை) துளி தடவுனா வழுக்காம புடிச்சுக்கும். டப்பாவ சுத்தி துணி போட மறக்காதீங்க, பிரேக் ஆயில் பெயின்ட்ட தின்னுடும். என்ஜின் கவர் ஸ்க்ரூன்னா சுத்தியலால அடிச்சா தானா திரும்புற கை இம்பாக்ட் டிரைவர் அருமையா வேலை செய்யும், ஆனா இந்த மாதிரி சின்ன ஸ்க்ரூக்கு அத எடுக்காதீங்க.

ஆறு பட்டை போல்ட்டுக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் ஓபன் ஸ்பேனரும் கடைசிக்குக்கூட வேணாம், ரெண்டு பட்டைய மட்டும் புடிச்சு மூலைய உருட்டிடும். 12 முனை சாக்கெட்ட விட 6 முனை சாக்கெட் நல்லது, பட்டைய முழுசா அணைச்சு புடிக்கும். அளவும் முக்கியம், அரை இன்ச்ங்கிறது 12.7 மில்லிமீட்டர், அத 13 போல்ட்ல போட்டா ஏறாது, 13 சாக்கெட்ட அரை இன்ச் போல்ட்ல போட்டா ஆடும். தலைல ஆறு பட்டை குழி இருக்கிற போல்ட்டுக்கான ஆலன் கீயும் அப்படித்தான், 5 மில்லிமீட்டர் குழியில 3/16 இன்ச் கீ நல்லாவே நுழையும், ஆனா அது 4.76தான், இறுகின போல்ட்ல போட்டா குழி வட்டமாயிடும். உருண்டை முனை ஆலன் கீ சாய்வா சுத்துறதுக்குதான், முதல் இறுக்கத்த விடுவிக்க நேர் முனை.

எண்ணெய் அடிச்ச உடனே திருப்பி பாக்குறது அடுத்த தப்பு. டபிள்யூடி-40 1953ல தண்ணிய விரட்டுறதுக்காக பண்ணின ஃபார்முலா, துரு கழட்ட மரை இடுக்குக்குள்ள எறங்குற பெனட்ரேட்டிங் ஆயில்னே தனியா இருக்கு, அந்த ஆயில ஊத்தி நடுநடுவுல தட்டி ஒரு ராத்திரி ஊற விடுங்க. பிரேக் டிஸ்க், பேட் பக்கம் ஒரு துளி போகக்கூடாது.

அதுலயும் அசையலைன்னா சூடு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஸ்டீல விட கிட்டத்தட்ட 2 மடங்கு விரியும், அதனால போல்ட்ட விட அத சுத்தியிருக்கிற பாடிக்கு ஹீட் கன் காட்டுங்க. டிஸ்க் போல்ட் மாதிரி இடங்கள்ல திரெட் லாக்கர் (போல்ட் தானா கழலாம இருக்க மரைல தடவுற பசை) இருக்கும், சிவப்பு ரகம்னா சுமார் 250 டிகிரி செல்சியஸ் போனாத்தான் இளகும், அத சும்மா பலத்தால கழட்ட போனா குழிதான் போகும். டேங்க்கு, பெட்ரோல் ஹோஸ் பக்கத்துல நெருப்பு வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்தையும் சூடு பண்ணாதீங்க, அதுல ஃபாஸ்ஜீன்னு விஷவாயு வரும், இதுல மட்டும் அலட்சியமே கூடாது.

எம்6 மாதிரி (6 மில்லிமீட்டர் தண்டு) சின்ன போல்ட்டுக்கு நீள பைப் மாட்டி இழுக்காதீங்க. 'டக்'னு சத்தத்தோட விட்டா நல்ல செய்தி. சத்தமே இல்லாம மெத்துனு சுத்தி வந்தா போல்ட் உள்ளயே முறுக்கிட்டு இருக்கு, உடனே நிறுத்தி கொஞ்சம் இறுக்கி, திரும்ப கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமா கொண்டு வாங்க. சைலன்சர் ஸ்டட்ல (தலை இல்லாத, ரெண்டு முனையிலயும் மரை இருக்கிற போல்ட்) இது கட்டாயம். எந்த பக்கம் திருப்புறோம்னும் பாத்துக்கோங்க, யமஹா பைக் பலதுல வலது கண்ணாடிக்கு இடது மரைதான், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா கழலுற மரைதான் இருக்கும்.

ஆலன் குழி ஏற்கனவே போயிடுச்சா? 5 மில்லிமீட்டர் குழியில டி30 டார்க்ஸ் பிட்ட (ஆறு முனை நட்சத்திர வடிவ பிட்) சுத்தியலால அடிச்சு எறக்கி திருப்புங்க, பெரும்பாலும் வந்துடும். தலை வெளிய நிக்குதுன்னா வைஸ் கிரிப்ப (கவ்வினா அப்படியே பூட்டிக்கிற பிளையர்) முழு பலத்தோட கவ்வ விடுங்க. அதுவும் ஆகலைன்னா தலைய மட்டும் டிரில் பண்ணி எடுத்துடலாம், கவர் வந்த பிறகு இறுக்கம் போயிடும், மிச்சம் நிக்கிற தண்டு பல சமயம் கையாலயே சுத்தி வந்துடும். எடுத்த எடுப்புலயே ஈசி-அவுட் (போல்ட்ல துளை போட்டு உள்ள இறக்கி எதிர்ப்பக்கமா முறுக்கி எடுக்கிற டூல்) போட்டு முறுக்குறதுதான் எனக்கு ரொம்ப பயம், அது கெட்டி ஸ்டீல், உள்ள உடைஞ்சா சாதாரண டிரில் பிட் அது மேல ஏறவே ஏறாது. சென்டர் பஞ்ச் வெச்சு சரியா நடுவுல குறி போட்டு, இடது சுத்து (எதிர்ப்பக்கமா சுத்தி வெட்டுற) டிரில் பிட்டால துளை போடுங்க, பாதியிலயே போல்ட் தானா வெளிய சுத்திட்டு வரதும் உண்டு.

கழட்டின பிறகு அதே தேஞ்ச போல்ட்ட திரும்ப மாட்டாதீங்க. மரைய பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி, ஸ்டீல் போல்ட் அலுமினியத்துல எறங்குற இடத்துல ஆன்டி-சீஸ் (மரை கவ்வி புடிக்காம இருக்க தடவுற பசை) லேசா தடவுங்க, மேனுவல்ல போட்டிருக்கிற டார்க் (இறுக்குற விசையோட அளவு) பெரும்பாலும் காய்ஞ்ச மரைக்குத்தான், அதனால கொஞ்சம் குறைச்சு இறுக்கணும். பிரேக் டிஸ்க், கேலிப்பர் போல்ட்ல மட்டும் ஆன்டி-சீஸ் கிட்டயே போகாதீங்க, அங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதேதான்.