ரெனின் எப்போது வெளிவரும்? ஒரு தாளில் வரைந்து விளங்கிக்கொள்வோம்

குருதியமுக்கம் விழாமல் தாங்கச் சிறுநீரகம் வெளிவிடும் பொருள் ரெனின். அதில் தொடங்கும் தொடரை உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ரெனின், அஞ்சியோடென்சின், அல்டோஸ்டெரோன் என்று வரிசையாகப் பாடமாக்கிவிடுவார்கள். அந்த ரெனினை யார் வெளியே விடச் சொன்னது என்று கேட்டால்தான் தடுமாற்றம். அதை வரைந்தே பார்ப்போம். வெள்ளைத்தாள், பென்சில், சிவப்பு, பச்சை நிறப் பென்சில்கள், அழிறப்பர் போதும்.

படி 1: குழாய்

சிறுநீரகத்தில் குருதியை வடிக்கும் மயிர்க்குழாய்ச் சுருளான கலன்கோளத்துக்குக் குருதி கொண்டுபோகும் உட்காவு புன்னாடியை இரண்டு கோடுகளாக வரையுங்கள். உட்பக்கம் ஒட்டித் தட்டையான கலங்களை அடுக்குங்கள், அது அகவணி. கலன்கோளத்துக்குக் கிட்ட, சுவருக்குள் பருத்த ஒரு கலம் வரைந்து, உள்ளே புள்ளிகள் இடுங்கள். அவை ரெனின் மணிகள். (ரெனின் உண்மையில் ஒரு நொதியம், ஓமோன் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. 1898இல் ஸ்டொக்ஹோமில் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து இதைக் கண்டறிந்தார்கள்.)

படி 2: கலத்துக்குள் இரண்டு ஆளிகள்

பச்சையில் 'சைக்கிளிக் ஏஎம்பி' என்று எழுதுங்கள், கலத்துக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு அது. இது கூடினால் ரெனின் வெளிவரும். சிவப்பில் 'கல்சியம்'. இது கூடினால் ரெனின் நிற்கும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இன்சுலின் சுரக்கும் கலத்திலும் நரம்பு முனையிலும் கல்சியம் ஏறினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ரெனின் கலத்தில் அது தலைகீழ். இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாக வரும்.

படி 3: அகவணியிலிருந்து அம்புகள்

அகவணிக் கலங்கள் வெளிவிடும் மூன்று மூலக்கூறுகளுக்கு, ரெனின் கலத்தை நோக்கி அம்புகள் போடுங்கள்.

புரொஸ்டாசைக்கிளின்: பச்சை அம்பு. நேரே சைக்கிளிக் ஏஎம்பியைக் கூட்டும்.

நைத்திரிக் ஒட்சைட்டு: இதுவும் பெரும்பாலும் பச்சை, ஆனால் வழி வேறு. சைக்கிளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியத்தை இது தடுக்கும். வாளியில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டையை அடைப்பது மாதிரி. சில நிலைமைகளில் எதிர்ப்பக்கமும் இழுக்கும் என்பதால், பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றும் போடுங்கள். இது சில செக்கன்களே நிலைக்கும் மூலக்கூறு. பக்கத்துக் கலத்துக்குப் போக அது போதும்.

என்டோதெலின்: சிவப்பு. கல்சியத்தை ஏற்றி ரெனினை அடக்கும். ரெனின் தொடக்கிவைக்கும் தொடரில் பிறகு உருவாகும் அஞ்சியோடென்சின் 2உம் இதே சிவப்பு வழியில் திரும்பி வந்து, 'போதும்' என்று சொல்லும்.

படி 4: படத்தைச் சோதியுங்கள்

உப்புவெளிக் கடற்கரையில் பகல் வெயிலில் கரைவலை இழுக்கும் ஒருவரை நினையுங்கள். வியர்வை காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. உடலில் நீரும் உப்பும் குறைகின்றன, புன்னாடியில் அமுக்கம் தளர்கிறது, நரம்பும் தூண்டுகிறது. பச்சைப் பக்கம் ஓங்கி ரெனின் வெளிவருகிறது, பிரஷர் விழாமல் தாங்குகிறது.

சரி, அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், இடுப்பு வலிக்கு இரண்டு டைக்ளோபெனாக் போட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். அந்த வலிக்குளிசை புரொஸ்டாசைக்கிளின் உருவாவதைத் தடுக்கும், ஆகவே அதன் அம்பை அழிறப்பரால் அழியுங்கள். ரெனினுக்குக் கிடைத்த தூண்டலில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு நிற்கவில்லை: புன்னாடியை விரித்து வைத்திருந்ததும் அதே குடும்பத்து மூலக்கூறுகள்தான். படி 1இல் வரைந்த இரண்டு கோடுகளையும் இன்னும் கிட்டக் கிட்ட வரையுங்கள். வெயிலில் காய்ந்த உடம்பில் அந்தக் குளிசை சிறுநீரகத்தைத் தாக்குவது இந்த இடத்தில்தான்.