சிவப்பு வைனையும் கொஞ்சம் பிரிட்ஜில் வையுங்கள்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் சிவப்பு வைன் போத்தலைத் தந்துவிட்டு, "அறை வெப்பநிலையிலேயே குடி" என்பார். அது ஐரோப்பியக் குளிர் அறைக்குச் சொன்ன கதை, 16 முதல் 18 பாகை. யாழ்ப்பாணத்து 30 பாகை வெக்கையில் ஊற்றினால் மதுசார நெடிதான் மூக்கில் அடிக்கும், பழவாசனை அமுங்கிவிடும். அதனால் முக்கால் மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

கிளாஸில் மூன்றிலொரு பங்கு போதும். வெள்ளைக் கடதாசிக்கு மேல் சரித்துப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஊதா தெரிந்தால் இளசு. செங்கல் நிறம் என்றால் வயதானது. இளசில் டானின் என்ற துவர்ப்புச் சத்து தூக்கலாக இருக்கும், கடும் சாயப் பிளேன்ரீ போல ஈறில் துவர்ப்பு ஒட்டும். ஜாடியில் ஊற்றி ஒரு மணித்தியாலம் காற்றுப்பட விட்டால் கொஞ்சம் இளகும்.

பழையதை அப்படி விடக்கூடாது. முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் தங்கும். ஆட்டாமல் மெதுவாக ஊற்றி, அப்போதே குடியுங்கள். மணம் நெடுநேரம் நிற்காது. காய்ந்த பழம், பதனிட்ட தோல், புகையிலை என்று மாறி மாறி வரும். புகையிலை வாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

நண்டுக் கறியோடு துவர்ப்பான சிவப்பு வேண்டாம், உறைப்பு இன்னும் ஏறும். சற்று இனிப்பான ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் நல்லது.

அப்புறம், வைக்க வைக்க எல்லா வைனும் நன்றாகும் என்று நம்பாதீர்கள். பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடிக்கவே செய்யப்பட்டவை. அலுமாரிக்கு மேலே வெக்கையில் கிடந்தால் அதற்கு முன்னரே கெடும்.