பெண் முயலின் இனத்தைக் கண்டறிவதும், கருத்தடை அறுவை செய்யலாமா என முடிவெடுப்பதும்: படிப்படியாக

விற்றவர் சொன்ன இனப்பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். வளர்ப்பு முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் மட்டுமே ஏறத்தாழ 50 இனங்களை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் வீடுகளுக்கு வந்து சேரும் முயல்களில் பெரும்பாலானவை கலப்பினம்தான். எனவே கடைசி வரை ஒரு பெயர் பிடிபடவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அறுவை பற்றி முடிவெடுக்க உண்மையில் தேவைப்படுபவை எடை, வயது, முகத்தின் அமைப்பு ஆகிய மூன்றும்தான். இனத்தைத் தேடும் வேலையிலேயே இவை மூன்றும் தெரிந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: 10 கிராம் வரை துல்லியம் காட்டும் தராசு, முயல் உட்காரும் அளவு அட்டைப்பெட்டி, தையல் டேப், தடிமனான துண்டு, பகல் வெளிச்சம்.

படி 1: பெண்தானா என்று உறுதி செய்யுங்கள்

குட்டியாக வாங்கிய முயலின் பால் தவறாகச் சொல்லப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, முயலின் முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி வையுங்கள். பின்கால்களுக்கு அடியில் ஒரு கை கட்டாயம் இருக்க வேண்டும். பின்புறம் தாங்கலில்லாமல் முயல் ஓங்கி உதைத்தால், அந்த விசையிலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். தரையில் உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான்.

பிறப்புறுப்பின் இருபுறமும் இரு விரல்களால் மெல்ல அழுத்துங்கள். வால் பக்கம் நீளும் பிளவு தெரிந்தால் பெண். வட்டமான துளையுடன் குழாய்போல் முன்வந்தால் ஆண். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளில் அனுபவசாலிகளே தவறுவார்கள். மூன்றரை, நான்கு மாதத்துக்குப் பிறகு ஆணுக்கு விரைகள் முடியற்ற நீண்ட பைகளாக இருபுறமும் தெரியும். பயந்தால் அவற்றை உள்ளிழுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், விரை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து பெண் என்று சொல்லிவிடாதீர்கள். முயல் திமிறினால் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

படி 2: எடை

வெறும் பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, முயலை உள்ளே விடுங்கள். வளர்ந்த முயலின் எடைதான் இனத்துக்கான முதல் துப்பு. சிறிய இனங்கள் ஆறு மாதத்தில் ஏறக்குறைய முழு எடைக்கு வந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஓராண்டுகூட ஆகலாம்.

1.3 கிலோவுக்குள் நின்றுவிட்டால் நெதர்லாந்து குள்ள இனத்தின் பக்கம் பாருங்கள். 1.8 கிலோவுக்குள் லயன்ஹெட், ஹாலந்து லாப் வரும். டச்சு 1.6 முதல் 2.5 கிலோ, மினி லாப் 2 முதல் 3 கிலோ. 4 முதல் 5.5 கிலோ வரையான வெள்ளை முயல் என்றால் நியூசிலாந்து வெள்ளையாக இருக்கலாம். 6 கிலோவைத் தாண்டினால் பிளெமிஷ் ஜயன்ட் ரத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். கொழுத்த முயலில் இந்தக் கணக்கு தவறும். விலா எலும்புகளை மெல்லிய சதைக்கு அடியில் விரலால் உணர முடிகிறதா என்று தடவிப் பாருங்கள்; உணர முடியாவிட்டால் எடை கூடுதல்.

படி 3: காது, முடி, முகம்

காதை அடியிலிருந்து நுனி வரை டேப்பால் அளந்து குறியுங்கள். 5 செ.மீ. அளவில் குட்டையாக நிமிர்ந்து, தலை உருண்டையாக இருந்தால் குள்ள இனம். கன்னத்தை ஒட்டித் தொங்கினால் லாப் வகை. குட்டிப் பருவத்தில் லாப் காதுகள் ஒருநாள் நிமிரும், ஒருநாள் சரியும். சில மாதங்கள் பொறுத்துத்தான் சொல்ல முடியும். ஒரு காது மட்டும் நிரந்தரமாக நிமிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் கலப்பு. வழக்கமாக நிமிர்ந்திருந்த காது திடீரென்று தொங்கினால் அது இனத்தின் அடையாளமல்ல, காதில் தொற்று இருக்கலாம்.

முடியை வாலிலிருந்து தலைப் பக்கமாக எதிர்த்துத் தடவுங்கள். வெல்வெட் போல அடர்ந்து, ஒன்றரை செ.மீ. அளவில் குட்டையாக, தடவிய பிறகும் படியாமல் நின்றால் ரெக்ஸ். மீசை மயிரும் சுருண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். தலையைச் சுற்றி மட்டும் பிடரி இருந்தால் லயன்ஹெட். உடல் முழுதும் பஞ்சு போன்ற நீண்ட ரோமம் என்றால் அங்கோரா வகை.

படி 4: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

நிறத்தில் தொடங்கித்தான் பலர் தடம் மாறுகிறார்கள். வெள்ளை உடல், சிவப்புக் கண், கறுத்த மூக்கும் காதும் பாதங்களும்: இந்தத் தோற்றம் ஹிமாலயனுக்கும் உண்டு, கலிஃபோர்னியனுக்கும் உண்டு. முன்னது 2 கிலோவுக்குள், பின்னது 4 கிலோவைச் சுற்றி. தராசு ஒரு நொடியில் பிரித்துக் காட்டிவிடும். முழு வெள்ளையும் சிவப்புக் கண்ணும் பல இனங்களில் வருவதால் அது மட்டுமே அடையாளமாகாது. முகத்தின் நடுவே வெள்ளைக் கீற்று, முன்னுடல் வெள்ளை, பின்னுடல் நிறம், பின்பாத நுனி வெள்ளை என்றால் டச்சு அமைப்பு. கலப்பினங்களும் இதை ஏந்தி வரும்.

மூன்று அடையாளங்களும் ஒரே இனத்தைச் சுட்டினால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ‘1.9 கிலோ, லாப் கலப்பு’ என்று எழுதினால் போதும். மருத்துவருக்கு அதுவே பயனுள்ள குறிப்பு.

படி 5: அறுவை வேண்டுமா?

வேண்டும் என்பதற்கு முதன்மைக் காரணம் கர்ப்பப்பைப் புற்று. கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களில் வயது ஏற ஏற இது மிகப் பரவலாக வருகிறது. டான், ஹவானா, டச்சு போன்ற சில இனங்களில் நான்கு வயதுக்கு மேல் 50 முதல் 80 சதவீதம் வரை என்று கால்நடை மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. குட்டி போட்டிருந்தால் ஆபத்து குறையும் என்ற நம்பிக்கை தவறு. மெல்ல வளரும் இந்தக் கட்டி பின்னர் நுரையீரலுக்குப் பரவும். மூச்சு வாங்குவது தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அடுத்தது பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே சினையானதுபோல் நடந்துகொள்வது. இணைசேர்ந்தால்தான் முயலுக்குக் கருமுட்டை வெளிப்படும் என்றாலும், இன்னொரு முயல் மேலேறினாலே அது நடந்துவிடலாம். 16 முதல் 18 நாட்கள் நீடிக்கும் இந்த நிலையில் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், உறுமும், கை நீட்டினால் பாயும். இது திரும்பத் திரும்ப வருவது அதற்கும் துன்பம்.

ஆண் முயலும் வீட்டில் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. சினைக்காலம் சுமார் 31 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினையாகிவிடும்.

மறுபக்கம் மயக்க மருந்தின் ஆபத்து. பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், நலமான முயல்களில் மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு 0.73 சதவீதம், நோயுற்றவற்றில் 7 சதவீதத்துக்கு மேல். இறந்தவற்றில் பாதிக்கு மேல் அறுவை முடிந்த பின்னரே இறந்தன. ஆகவே முயல் நலமாக இருக்கும்போதே செய்வதும், விழித்த பின் கண்காணிப்பதும் உயிரைக் காக்கும்.

எங்கள் கருத்து இது: நலமான, இளம் பெண் முயலுக்கு, முயல் பழக்கமுள்ள மருத்துவர் கிடைத்தால், செய்துவிடுவதே நல்லது. அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை காத்திருங்கள்.

படி 6: எப்போது?

சிறிய இனங்கள் நான்கைந்து மாதத்திலும் பெரியவை ஆறு முதல் எட்டு மாதத்திலும் பருவமடையும். அதையொட்டி, ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரை வசதியான காலம். வயது கூடும்போது கர்ப்பப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பு திரள்வதால் ரத்தக்குழாய்களைக் கட்டுவது கடினமாகிறது. கொழுத்த முயலை முதலில் உலர்புல்லுக்கு மாற்றி மெல்ல எடை குறைக்க வேண்டும். மூன்று வயதைத் தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கேளுங்கள். குள்ள, லாப் இனங்களில் தட்டை முகத்தால் சுவாசக்குழாய் பொருத்துவது சிரமம். முடிவெடுக்க முகத்தின் அமைப்பும் தேவை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

படி 7: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முயல்களுக்கு அடிக்கடி இந்த அறுவை செய்கிறீர்களா? மயக்கத்தில் உடல் சூட்டை எப்படிக் காப்பீர்கள்? வலி மருந்து எத்தனை நாள்? முந்தைய இரவு பட்டினி போட வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் இயக்கம்தான் நின்றுபோகும். வாய்வழியாக அமாக்ஸிசிலின், பென்சிலின் தரும் மருத்துவரிடமும் விலகியே இருங்கள். அவை குடலின் நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைக்கும்.

படி 8: வீட்டுக்கு வந்த பின்

கூண்டில் மரத்தூளை எடுத்துவிட்டுத் துண்டு விரியுங்கள். தூள் காயத்தில் ஒட்டும். உலர்புல், தண்ணீர், பிடித்த கீரையை முகத்தருகே வையுங்கள். அன்று இரவுக்குள் கொஞ்சமாவது கடிக்க வேண்டும். 12 மணி நேரம் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரை அழையுங்கள். பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தால் வலி இருக்கிறது. வலி இருந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நிற்கும். வலி மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

தையலைத் தினம் இருமுறை பாருங்கள். லேசான வீக்கம் பரவாயில்லை. ஈரம், நாற்றம், பிளவு கூடாது. கழுத்துக் கூம்பு மாட்டினால், முயல் வழக்கமாகத் தன் மலவாயிலிருந்தே எடுத்துத் தின்னும் சத்துள்ள மென்புழுக்கையைத் தின்ன முடியாமல் சத்துக்குறைவு வரும். தையலைக் கடித்தாலொழிய அது வேண்டாம். பத்து நாள் தாவ விடாதீர்கள். முரட்டுத்தனம் அடங்க நான்கைந்து வாரம் ஆகும்.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தால்

மாதம் ஒருமுறை முலைக்காம்புகளைச் சுற்றிக் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். முயலின் சிறுநீர் தாவர நிறமிகளால் இயல்பாகவே ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரலாம். அது ஒரே சீராக இருக்கும். ரத்தம் என்றால் கீற்றாகவோ கட்டியாகவோ தனித்துத் தெரியும், விட்டுவிட்டு வரும். சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியில் பிடித்து மருத்துவரிடம் கொண்டு போங்கள். மூன்று வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஸ்கேனும் எடுங்கள்.