காவிரிச் செய்தியை வகுப்பறையில் கணக்குப் போட்டுப் படிப்போம்

சமூக அறிவியல் வகுப்பில் நாளிதழ்ச் செய்தியை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதிலுள்ள எண்ணையும் சொல்லையும் மாணவர்களே சோதிக்குமாறு செய்தால், கேள்வி கேட்கும் பழக்கம் தானாக வளரும். எடுத்துக்காட்டாக, 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டிற்கு 15 நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கனஅடி வீதம் நீர் திறக்குமாறு கர்நாடகத்துக்குக் காவிரி மேலாண்மை ஆணையம் உத்தரவிட்ட செய்தியைக் கரும்பலகையில் எழுதுங்கள். கேட்டவுடன் பெருவெள்ளம் போலத் தோன்றும் இந்த அளவை ஒரு நாளின் 86,400 வினாடிகளால் பெருக்கினால், நாளொன்றுக்கு அரை டிஎம்சிகூட (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) வராது. 15 நாட்களுக்கும் சேர்த்து 6.48 டிஎம்சிதான். உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டிற்கு நிர்ணயித்த ஆண்டுப் பங்கு 177.25 டிஎம்சி என்பதை அருகில் எழுதியதும் வகுப்பு சற்று அமைதியாகும்.

அதன்பின், ஒரே உத்தரவைக் கர்நாடகத்தின் மாண்டியா விவசாயியும் தஞ்சாவூர் விவசாயியும் எந்தத் தலைப்பில் படிக்க விரும்புவார்கள் என்று இரு குழுக்களாக எழுதச் சொல்லுங்கள். 'திறப்பு', 'பறிப்பு' என்ற சொற்களில் எது தகவல், எது கருத்து என்பதை அவர்களே பிரிக்கட்டும். ஆசிரியர் தம் சார்பை வெளிக்காட்டாதிருப்பதே, உண்மையில், இதில் கடினமான பகுதி. இறுதியாக, ஒவ்வொரு மாணவரும், மழை குறைந்த ஆண்டில் பங்கீடு எப்படி அமைய வேண்டும் என்பதற்குக் காரணத்துடன் ஒரு பத்தி எழுதினால் போதும்.