மலையில் இருந்துகொண்டு முதல் டிரையத்லானுக்குத் தயாராவது எப்படி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் போட்டி டிரையத்லான். நீலகிரியில் வாழ்பவர் முதன்முறையாக அதற்குப் பெயர் கொடுக்கும்போது, சைக்கிளும் ஓட்டமும் தமக்குப் பாதி கைவந்தவை என்று எண்ணுவதில் தவறில்லை. மேடு பள்ளம் ஏறி இறங்கியே பழகிய கால்கள் அவை. ஆனால் போட்டி தொடங்குவது நீரில். ஆகவே 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட ஸ்பிரிண்ட் பிரிவையே முதலில் தேர்ந்தெடுங்கள். ஒலிம்பிக் தூரம் இதைப் போல இருமடங்கு. அதற்கு அவசரம் வேண்டாம்.

நீச்சலுக்கு நாள் குறித்த பின்னரே மற்ற பயிற்சிகளைத் திட்டமிடுங்கள். பைக்காரா, எமரால்டு போன்ற அணைகளின் நீர் ஆழமானது, குளிர்ந்தது; பயிற்சிக்காக அவற்றில் இறங்கவே கூடாது. வாரம் ஒருமுறையேனும் கோயம்புத்தூருக்கு இறங்கி, பயிற்றுநர் இருக்கும் குளத்தில் நீந்துவதே பாதுகாப்பான வழி. புதியவர்கள் பலர் முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். வெளியேறாத கரியமில வாயு உடலில் சேரச்சேர மூச்சு முட்டுவதுபோல் தோன்றி, பதற்றம் பற்றிக்கொள்கிறது. நீருக்குள்ளேயே குமிழிகள் எழ மெதுவாக மூச்சை விட்டு, தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே செய்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

திறந்த நீரில் தரை தெரியாது, பக்கத்தில் நீந்துபவரின் கை தோளில் இடிக்கும், போட்டிப் பாதையைக் காட்டும் மிதவை எங்கே என்று புரியாது. குளத்திலேயே இரு நண்பர்களை நெருக்கமாக நீந்தச் சொல்லி அந்த நெரிசலுக்குப் பழகுங்கள். பயம் வந்தால் மல்லாந்து மிதந்து, பத்து மூச்சு எண்ணிவிட்டு மீண்டும் தொடங்கும் பழக்கத்தையும் அங்கேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; போட்டி நாளில் மனம் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. இங்கே கடிகாரம் காட்டும் வேகத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம். மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே நீண்ட பயிற்சிக்கு நல்ல அளவுகோல்.

சைக்கிளில் மலை நமக்குக் கற்றுத்தராத ஒன்று உண்டு: ஏறும்போது திணறி, இறங்கும்போது மிதிக்காமலே உருண்டு பழகிய நாம், சமவெளியில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக ஒரே சீராக மிதிக்கும்போது சோர்ந்துவிடுகிறோம். இதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலமே நல்ல சமயம். சைக்கிளை வீட்டுக்குள் டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) பொருத்தி, இடைவிடாமல் மிதித்துப் பழகலாம். சாலையில் இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பனியில் விறைத்த விரல்கள் பிரேக்கைச் சரியாக அழுத்தாது என்பதால் கையுறை கட்டாயம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலை முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். இருட்டிய பின், காட்டெருமைகள் உலவும் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளிலும் சைக்கிள் வேண்டாம்.

வாரம் ஒருநாள் சைக்கிளிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடம் ஓடுங்கள். தொடை கனத்து, கால்கள் வேறொருவருடையவை போலத் தோன்றும். சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று உடல் முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய துணை. சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட்டின் வாரைப் பூட்ட வேண்டும் என்ற போட்டி விதியையும் இந்தப் பயிற்சியிலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரியின் உறைபனிக் காலையில் போர்வையை விலக்குவதுதான் பலருக்கு மிகக் கடினமான பயிற்சி. அன்றைக்குப் பத்து நிமிடம் மட்டும் என்று முடிவு செய்து கிளம்புங்கள். பெரும்பாலும் அது நீளும், நீளாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நாள்கணக்கில் கூடுதலாக இருந்து, தூக்கமும் கெட்டு, காரணமின்றி எரிச்சலும் வந்தால், அதைச் சோம்பல் என்று கொள்ளாமல் ஓய்வெடுங்கள்.

போட்டி சென்னையிலோ வேறொரு கடற்கரை ஊரிலோ நடந்தால், வெயிலுக்குப் பழக உடலுக்கு ஒன்றிரண்டு வாரங்கள் தேவைப்படும். விடுப்பு கிடைக்காதவர்கள் கடைசி வாரங்களில் முடிந்தபோதெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, வெயில் ஏறிய பின் மிதமான வேகத்தில் ஓடுவதும் மிதிப்பதும் பலன் தரும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் வியர்வையில் எவ்வளவு நீர் இழந்தீர்கள் என்பது தெரியும். குடிக்க வேண்டிய நீரையும் உப்பையும் அதற்கேற்ப அங்கேயே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.